இரண்டு ஈர்க்குகளுக்கு நடுவே

றெக்ஸுக்கு இங்கிலீஷ் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மட்டக்களப்பு நகரத்தில் அவரையும் அவர் மனைவி ஓட்றியையும் தவிர வேறு ஒரு மனிதருக்கும் இது தெரியாமலே நாலு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த நாலு வருடமும் அவர் பார்த்த உத்தியோகம், ஒரு நிவாரண அமைப்பின் கந்தோரில் இங்கிலீஷ் திருத்துவது.

குற்றம் அவருடையது மட்டுமல்ல. போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் என்றால் இங்கிலீஷ் தெரியும் என்று ஊர் எப்போதோ முடிவுகட்டி வைத்திருந்தது. பூனைக்கண், றெக்ஸ், கிளரன்ஸ் என்று பெயர்கள், கலியாண வீட்டில் கோட்டும் வயலினும். இத்தனை இருக்கும்போது இங்கிலீஷ் மட்டும் இல்லாமலா போகும்? டச்பார் கரையோரத்துப் பறங்கியர் வீட்டுக்குள் பேசுவது போர்த்துக்கேயர் விட்டுப்போன பாஷை, தெருவில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்ததும் தமிழ் என்பதை யாரும் நின்று யோசித்ததில்லை. றெக்ஸ் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு அண்ணன் கிளரன்ஸின் தச்சுப் பட்டறைக்குப் போனவர். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அடிக்கணக்கும் வார்னிஷ் டப்பாவில் எழுதியிருப்பதும்தான்.

ஆனால் தச்சு வேலையில் நல்ல ஓடாவி. அண்ணனும் தம்பியும் செய்த கதவு மாரி மழையில் ஊறினாலும் நிலையில் இறுகாது. டவுனில் பாதி வீடுகளில் அவர்கள் மாட்டிய கதவுதான்.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை, முதல்நாள் கேக் இன்னும் மிச்சமிருந்தபோது, கடல் வந்தது. கிளரன்ஸ் பட்டறையில் இருந்தார். வீடு போனது, பட்டறை போனது, உளியும் சீவுளியும் எந்த மணலுக்குள் கிடக்கிறதோ தெரியாது. கிளரன்ஸின் உடலை வாவிப் பக்கம் கண்டெடுத்தார்கள். றெக்ஸின் வலது கையில் பட்டறைக் கூரையின் வளைமரம் விழுந்து மூன்று விரல்கள் நசுங்கிப்போயின. மிச்சமிருந்த பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒரு பேனையைப் பிடிக்கலாம். உளியைப் பிடிக்க முடியாது.

அவர் அகதி முகாமில் கையைக் கட்டுப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வெள்ளைக்காரப் பெண்மணி வந்தாள். எல்லோரும் அவளை மேடம் என்றார்கள், நாமும் அப்படியே சொல்லுவோம். இங்கே இங்கிலீஷ் தெரிந்தவர் யாராவது உண்டா என்று அவள் கேட்டதும் சனங்கள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. பேர் றெக்ஸ், பறங்கியர் என்று சொல்லி அவரைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள். உதவி செய்த திருப்தி அத்தனை பேர் முகத்திலும் இருந்தது.

றெக்ஸ் தலையை ஆட்டி மறுக்கப் பார்த்தார். பின்னால் நின்ற ஓட்றி அவர் முதுகில் கிள்ளி, வேறு யாருக்கும் விளங்காத தங்கள் பாஷையில் சொன்னாள், வாயை மூடிக்கொண்டு ஆம் என்று சொல், கையில்லாத ஓடாவிக்கு யார் வேலை தருவார்கள் என்று. அந்தப் பாஷை காதில் விழுந்ததும் மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. ஐரோப்பிய மொழி பேசுகிற குடும்பம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமை றெக்ஸுக்குக் கந்தோரில் ஒரு மேசையும் ஒரு சிவப்புப் பென்சிலும் கிடைத்தன.

வெளிக்கள உத்தியோகத்தர்கள் ஊரூராகப் போய் எழுதிக்கொண்டு வருகிற அறிக்கைகள் கொழும்புக்குப் போவதற்கு முன் அவர் கையால் போகவேண்டும். அதில் முக்கியமான ஆள் காத்தான்குடி ஜிப்ரி. இளம் முஸ்லிம் பொடியன், நன்றாகப் படித்தவன், இங்கிலீஷ் அவனுக்கு நாவில் நிற்கும். அவன் எழுதியதை றெக்ஸ் திருத்தவேண்டுமாம். முதல் கிழமை முழுக்க றெக்ஸ் தாளைப் பார்த்தார், தாள் றெக்ஸைப் பார்த்தது. சட்டை முதுகில் ஒட்டுமளவுக்கு வியர்த்தது. பகல் சாப்பாடு இறங்கவில்லை.

அவரைக் காப்பாற்றியது ஒரு கொமா.

எங்கள் ஆட்கள் இங்கிலீஷ் எழுதும்போது ஒரு வழக்கம் உண்டு. ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அவரைப் பற்றித் தெரிந்த அத்தனையையும் அதே வசனத்தின் நடுவில் திணித்துவிடுவார்கள். சாலிஹ் என்பவர் தோணி கேட்கிறார் என்பதுதான் செய்தி. ஆனால் சாலிஹ் என்று எழுதி, ஒரு கொமாவும் போட்டு, அவர் ஏறாவூர்க்காரர், கடலில் வலையையும் மச்சானையும் பறிகொடுத்தவர், இப்போது மாமியார் வீட்டில் இருக்கிறார் என்றெல்லாம் சொல்லிவிட்டு, மறுபடி கொமா போடாமல் அப்படியே தோணிக்குப் போய்விடுவார்கள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது சாத்துவதில்லை. வாசிக்கிறவருக்குத் தோணி கேட்டது சாலிஹ்தானா, இல்லை மாமியாரா என்று குழப்பம்.

ஒருநாள் மேடம் அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து றெக்ஸின் மேசையில் வைத்தாள். நடுவில் இருந்ததைத் தன் உள்ளங்கையால் மூடினாள். மூடாத இரண்டு பக்கத்தையும் சேர்த்து வாசித்துக் காட்டித் தலையை ஆட்டினாள். பிறகு இரண்டு சுட்டுவிரலாலும் கையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று குத்திக் காட்டினாள். அவள் பேசியதில் கால்வாசி கூட றெக்ஸுக்கு விளங்கவில்லை. கை செய்தது முழுக்க விளங்கியது. சட்டத்துக்குள் ஒரு பலகையைப் பொருத்தினால் இரண்டு முனையிலும் ஆணி வேண்டும். ஒரு முனையில் மட்டும் அடித்தால் மற்ற முனை தொங்கும். இதற்கா இவ்வளவு கஷ்டப்பட்டோம் என்று அவருக்கு வந்தது.

அன்றிலிருந்து அவர் வேறு எதையும் பார்க்கவில்லை, அதை மட்டும் பார்த்தார். ‘ஹூ’ எங்கே வருகிறது, ‘விச்’ எங்கே வருகிறது, ‘ஹவெவர்’ எங்கே வந்து குந்தியிருக்கிறது என்று தேடுவார். நசுங்கிய விரலால் அடிமட்டம் பிடிப்பது சிரமமாக இருந்தபடியால் கந்தோர்க் கதவுக்குப் பின்னால் நின்ற விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்கை உருவி எடுத்துக்கொண்டார். நடுவில் செருகிய சொற்களுக்கு இருபுறமும் ஈர்க்கை நிமிர்த்தி வைத்து, உள்ளே இருப்பதை விட்டுவிட்டு வெளியே இருப்பதை உதட்டுக்குள் வாசிப்பார். வசனம் நின்றால் இரண்டு பக்கமும் கொமா. செருகியது வசனத்தின் கடைசியில் வந்தால் ஒரு கொமாவும் முற்றுப்புள்ளியும். மேடம் இதைப் படம் எடுத்துத் தன் ஊருக்கு அனுப்பினாள். அவள் எது சொன்னாலும் றெக்ஸ் ‘யெஸ் மேடம்’ என்று தலையாட்டுவார், அவர் கூச்சக்காரர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு தடவை சறுக்கியது. கணவனை இழந்த பெண்களுக்குத் தையல் மெசின் கொடுக்கப்படும் என்று ஜிப்ரி எழுதியிருந்தான். ‘ஹூ’வைக் கண்ட றெக்ஸ் உற்சாகமாக இரண்டு பக்கமும் ஆணி அறைந்துவிட்டார். கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது, இந்த மாவட்டத்தில் பெண்கள் எல்லோருமே விதவைகளா, எல்லோருக்குமா மெசின் என்று. றெக்ஸ் அந்த வசனத்தை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க இருந்தார். கடைசியில் பிடிபட்டது. சில பலகை அலங்காரம், கழற்றினாலும் கதவு நிற்கும். சில பலகை தூண், கழற்றினால் கூரை இறங்கும். எந்தப் பெண்கள் என்று சொல்லுவதே அந்தச் சொற்கள்தான், அதைக் கொமாவுக்குள் போட்டுப் பிரித்து வைத்தால் வசனம் பொய்யாகிவிடும். அதற்குப் பிறகு அந்த ஒரு விஷயத்தில் அவர் பிழை விட்டதே இல்லை. ஜிப்ரி அவரைக் கண்டால் பயந்தான். அறிக்கையை நீட்டிவிட்டு, சிவப்புப் பென்சில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பான்.

வருடக்கணக்கில் ஒரே மாதிரித் தாளைப் பார்த்தால் கல்லுக்கும் வாசிப்பு வரும். றெக்ஸுக்கும் மெல்ல மெல்ல அறிக்கை இங்கிலீஷ் வாசிக்க வந்தது. வீடு, வாழ்வாதாரம், இடம்பெயர்ந்தோர், உதவி பெறுவோர் என்று திரும்பத் திரும்ப வரும் சொற்கள் ஒரு அம்பது இருக்கும். ஆனால் சொந்தமாக ஒரு வசனம் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். மற்றவர்கள் கட்டிய வீட்டுக்கு ஆணி அடிக்கத் தெரியும், தனக்கு ஒரு குடில் போடத் தெரியாது.

ஒரு ஆண்டறிக்கையில் கந்தோர் ஆட்களைப் பற்றியும் எழுதினார்கள். றெக்ஸைப் பற்றி ஒரு வசனம். றெக்ஸ், சுனாமியில் அண்ணனை இழந்தவர், எங்கள் அறிக்கைகளைத் திருத்துகிறார். வழக்கம்போல முதல் கொமா இருந்தது, இரண்டாவது இல்லை. வழக்கம்போல அவர் ஈர்க்கை வைத்தார், நடுவை விட்டுவிட்டு வாசித்தார். றெக்ஸ் எங்கள் அறிக்கைகளைத் திருத்துகிறார். கிளரன்ஸ் இல்லாமல் வசனம் நன்றாக நின்றது. கொமாவைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

இதற்கிடையில், சில வருடமாக நின்றிருந்த உள்நாட்டுச் சண்டை மறுபடி தொடங்கியது. வாகரைப் பக்கமிருந்து சனங்கள் காட்டுவழியாக ஓடிவந்தார்கள். தாள்கள் கட்டுக்கட்டாக வந்தன. செத்தவர்கள், காணாமல் போனவர்கள், கால் போனவர்கள் எல்லோரும் கொமாவுக்குள் வந்தார்கள், அவர்களுடைய கூரைத்தகடும் கோழிக்கூடும் வெளியே நின்றன. றெக்ஸ் களைத்துப் போனார். தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை அது. நசுங்கிய விரல்கள் மழைக்கு வலிப்பதுபோல வெயிலுக்கும் வலித்தன.

பிறகு ஒரு வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. கந்தோரையும் மூடப்போகிறோம் என்றார்கள். மேடம் றெக்ஸைக் கூப்பிட்டு, டவுனில் வரப்போகிற இன்னொரு அமைப்பில் அவருக்கு இடம் பேசிவிட்டதாகவும், இவரைப் போல இங்கிலீஷ் பார்க்கிற ஆள் கிடைக்காது என்று தானே பொறுப்புச் சொல்லியிருப்பதாகவும் கூறினாள். ஓட்றி கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். அம்பத்தெட்டு வயதில் ஒன்றரைக் கையோடு இன்னும் சில வருடம் சாப்பாட்டுக்கு வழி பிறந்தது என்பது சின்ன விஷயமா?

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அன்னப்பூரணி வந்தாள்.

சுனாமிக்காரருக்குக் கட்டிக்கொடுத்த திராய்மடு வீட்டில், பூசை முடிந்து வந்து றெக்ஸ் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. வாசலில் ஒரு பெண் நின்றாள். வாகரைப் பக்கத்துப் பனிச்சங்கேணிக்காரி, வயலும் மீனுமாக இருந்த குடும்பம், சண்டையில் ஓடி முகாமில் கிடந்து மறுபடி ஊருக்குப் போனவள். இப்போது நாவற்குடாவில் தங்கச்சி வீட்டில் வந்து நிற்கிறாளாம். அவளுக்குக் கந்தோர் வீடு கட்டிக் கொடுத்திருந்தது.

“என்ட வீட்டுக்கு எழுதினது நீங்கதானே ஐயா. அதான் தேடி வந்தன்,” என்றாள்.

ஓட்றி கதிரையை இழுத்துப் போட்டாள். அவள் கதிரையில் இருக்கவில்லை, நிலத்தில் உட்கார்ந்தாள்.

“வாற புதன்கிழமை காணாமப் போன ஆக்களப் பத்திக் கேக்க வெளிநாட்டில இருந்து ரெண்டு பேர் உங்கட கந்தோருக்கு வாறாங்களாம். என்ட மூத்தவன், கிருபாகரன். அவன் போய் மூண்டு வருசமாகுது. நான் எல்லாத்தையும் சொல்லுறன், நீங்க இங்கிலீசில எழுதித் தாங்க. நான் தாளக் குடுத்திட்டு வந்திருவன். அங்க வாய் துறக்க மாட்டன்.”

“அங்க தமிழில சொல்லலாமே அம்மா. மொழிபெயர்க்க ஆள் இருக்கும்,” என்றார் றெக்ஸ்.

“அந்த ஆள் ஆரு?” என்று அவள் கேட்டாள். “தமிழன் எண்டா எந்தப் பக்கத்துத் தமிழன்? முஸ்லிம் சோனவன் எண்டா அவன் ஊரில ஆருக்கிட்டச் சொல்லுவான்? சிங்கள ஆள் எண்டாச் சொல்லவே தேவையில்ல. எனக்கு இளையவன் ஒருத்தன் இரிக்கான் ஐயா. அவனாவது மிஞ்சோணும். நீங்க எந்தப் பக்கமும் இல்லாத ஆக்கள். இங்கிலீசும் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. உங்களுக்கிட்ட மட்டுந்தான் சொல்லுவன்.”

பிறகு அவள் சொன்னாள். கிருபாகரனைக் கூட்டிக்கொண்டு போனது யார் என்பதையும் சொன்னாள், அவர்களில் ஒருவனை அவளுக்குத் தெரியும். சொல்லும்போது அழவில்லை. முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். றெக்ஸ் நடுவில் எத்தனையோ தடவை தன்னுடைய உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அவளை நிறுத்த மனம் வரவில்லை. எழுதி வைக்கிறேன், செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாலு வருடத்துக்கு முன்னால் முகாமில் சொன்ன அதே ஆம்தான், ஆனால் இந்தத் தடவை யாரும் கிள்ளவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்தார். அன்னப்பூரணி என்று எழுதினார். கொமா போட்டார். அடுத்த சொல் வரவில்லை. பழைய அறிக்கைப் பிரதிகளை எடுத்துப் பரப்பினார். உடைந்த வீட்டுப் பலகையில் மாட்டுக்கொட்டில் அடிப்பதுபோல, ஒன்றிலிருந்து ஒரு துண்டும் இன்னொன்றிலிருந்து ஒரு துண்டும் எடுத்து ஒட்டினார். வெயில் சாயும்போது இரண்டு வசனம் தேறியது. கொமா எல்லாம் சரியான இடத்தில் இருந்தன.

தேத்தண்ணி கொண்டுவந்த ஓட்றி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“இது அந்தப் பொடியன்ட பேர்தானே? அதுக்குப் பக்கத்தில நீளமா ஒரு சொல் கிடக்கே, அது என்ன?”

றெக்ஸ் அந்தச் சொல்லைப் பார்த்தார். எல்லாத் தாளிலும் எல்லோருடைய பேருக்குப் பக்கத்திலும் அந்தச் சொல் வரும்.

“உதவி பெறுபவர்,” என்றார்.

“ஆரு, அந்தக் காணாமப் போன பிள்ளையா?”

ஓட்றி கோப்பையை வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது அவருக்கு. ஊரை ஏமாற்றியது, மேடத்தை ஏமாற்றியது எல்லாம் வயிற்றுக்காக என்று மனதைச் சமாதானப்படுத்தலாம். இதற்கு ஒரு சமாதானமும் இல்லை. தாளை மடித்துக் கிழித்தார்.

“நான் அந்த அம்மாக்கிட்டப் போய்ச் சொல்லப்போறன்,” என்றார்.

“அவ சும்மா இருப்பாவா? கந்தோர் வரைக்கும் கதை போகும். புது வேலையும் போயிரும்.”

“ஓம்.”

ஓட்றி கிழித்த துண்டுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். “போங்க,” என்றாள் கடைசியில். “நான்தான் அண்டைக்குக் கிள்ளினன். போய்ச் சொல்லிட்டு வாங்க. என்னத்தையாவது பாப்பம்.”

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கல்லடிப் பாலத்தில் எதிர்ப்பக்கத்து வாகனம் கடக்கும்வரை நிற்கவேண்டியிருந்தது. ஒரு வாகனம் வந்தால் மறுவாகனம் போகமுடியாத பாலம் அது. இப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, பின்னால் நின்ற வான்காரன் ஹோன் அடித்தான்.

நாவற்குடாவில் தங்கச்சி வீட்டு முற்றத்தில் அன்னப்பூரணி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுதியாயிற்று என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் சைக்கிளைக்கூட நிறுத்தவில்லை, பிடித்தபடியே சொன்னார்.

“எனக்கு இங்கிலீசு தெரியா அம்மா.”

அவளுக்கு விளங்கவில்லை. “என்ன சொல்றீங்க?”

“தெரியா. எழுதத் தெரியா. நான் ஓடாவி. பறங்கியன் எண்டு பாத்து வேலை தந்தாங்க, கை போனபடியா நானும் பேசாம இருந்திட்டன்.”

அன்னப்பூரணி கோபக்காரி என்பது அப்போதுதான் தெரிந்தது. “அப்ப ஏன் காலமயே சொல்லல்ல?” என்று கத்தினாள். உள்ளேயிருந்து தங்கச்சி எட்டிப் பார்த்தாள். “என்ட புள்ளயக் கொண்டு போனவன்ட பேரையும் சொன்னனே! மூண்டு வருசமா என்ட வாயில இருந்து வராத பேரு. அதையும் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே! இங்கிலீசு தெரியாத பறங்கியும் ஒரு பறங்கியா?”

றெக்ஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. மீன் கிடந்த சட்டியைக் காகம் வட்டமிட்டது, அவள் அதை ஒரு கல்லால் எறிந்து விரட்டினாள். பிறகு களைத்துப்போய்த் தென்னங்குற்றியில் உட்கார்ந்தாள்.

“இனி என்ன செய்யிற?” என்றாள்.

“ஒரு ஆள் இரிக்கான். காத்தான்குடிப் பொடியன், ஜிப்ரி எண்டு. அவனுக்கு நான் பொறுப்பு. நான் பொறுப்பெண்டு சொல்ல எனக்கு வாயில்லத்தான். ஆனா அவனத் தவிர வேற ஆரையும் எனக்குத் தெரியா.”

அவள் எழுந்து மீன் சட்டியை மூடி வைத்தாள். “நான் அவனோட பேச மாட்டன்,” என்றாள். “உங்களுக்கிட்டத்தான் சொல்லுவன். நீங்க அவனுக்குச் சொல்லுங்க. அவன் என்னக் கேள்வி கேக்கப்படா.”

ஜிப்ரியிடம் சொன்னதும் அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. “அல்லாவே! உங்களுக்குப் பயந்து பயந்துதானே, றெக்ஸ் அண்ணன், நான் ஒவ்வொரு வசனத்தையும் எழுதினன்! ராவைக்கு நித்திரை வராது எனக்கு!” என்றான். பிறகு விஷயம் என்ன என்று கேட்டான். கேட்டதும் சிரிப்பும் போனது கோபமும் போனது. அவனுக்கும் வீட்டில் மனைவி நுஸ்ராவும் ஒரு கைப்பிள்ளையும் இருந்தார்கள். இப்படியான பேர்களைக் கையால் எழுதுவதில் என்ன ஆபத்து என்று அவனுக்குத் தெரியும். கையெழுத்தில் கொடுக்கவேண்டாம், எழுதியெடுத்துப் பிறகு டைப் பண்ணித் தருகிறேன், என் பேர் எங்கும் வரக்கூடாது என்றான். சரி என்றார் றெக்ஸ். புதன்கிழமை மேடத்திடம் தன்னைப் பற்றித் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் றெக்ஸின் வீட்டில் மூன்று பேரும் கூடினார்கள். ஜிப்ரி சுவரைப் பார்த்தபடி மேசையில் இருந்தான். அவனுக்குப் பின்னால் றெக்ஸ். றெக்ஸுக்குப் பின்னால் நிலத்தில் அன்னப்பூரணி. அவள் மெல்லிய குரலில் றெக்ஸின் காதுக்குச் சொன்னாள். றெக்ஸ் அதையே தன் வாயால் ஜிப்ரிக்குச் சொன்னார். ஷெல் விழுந்தது, சனங்கள் ஓடினார்கள், கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று பிள்ளை திரும்பிப் போனான், வேலியோரம் அவர்கள் நின்றார்கள். எல்லாவற்றையும் றெக்ஸ் தன் நாவால் இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது. நாலு வருடம் அவர் கையால் போன தாள்களில் இப்படி எத்தனை பேர் இருந்தார்கள். ஒருவருடைய பேரையாவது அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஓட்றி தண்ணி கொடுத்தாள்.

ஜிப்ரி ஒரு பக்கத்தில் எழுதி முடித்தான். பழக்கதோஷத்தில் தாளை றெக்ஸிடம் நீட்டினான், பழக்கதோஷத்தில் றெக்ஸும் சட்டைப்பையிலிருந்து ஈர்க்கை எடுத்தார். நடுவில் அந்த வசனம் இருந்தது. அன்னப்பூரணியின் மூத்த மகன், மாட்டை அவிழ்த்துவிடப் போன பத்தொன்பது வயதுக் கிருபாகரன், இன்றுவரை திரும்பி வரவில்லை. முதல் கொமா இருந்தது. இரண்டாவது இல்லை. றெக்ஸ் அதைப் போட்டார்.

“என்ட புள்ள இதில எங்க இரிக்கான் ஐயா?” என்று அன்னப்பூரணி கேட்டாள். எழுந்து வந்து தாளைப் பார்த்தாள். அவளுக்கு அந்த எழுத்துகள் எல்லாம் ஒன்றுதான்.

றெக்ஸ் ஒரு ஈர்க்கை இந்தக் கொமாவிலும் மற்ற ஈர்க்கை அந்தக் கொமாவிலும் வைத்துக் காட்டினார். “இதுக்குள்ள.”

அவள் குனிந்து பார்த்தாள். மீன் செதிள் காய்ந்திருந்த சுட்டுவிரலை இரண்டு ஈர்க்குக்கும் நடுவில் வைத்தாள். விரலே அந்த இடத்தில் பாதியை மறைத்துவிட்டது.

“இவ்வளவு இடந்தானா ஐயா?” என்றாள்.

அவள் குறையாகச் சொல்லவில்லை. தெரியாததால் கேட்டாள். றெக்ஸுக்குத் தன் அண்ணன் அந்த ஆண்டறிக்கையில் கிடந்த இடம் நினைவுக்கு வந்தது. அதுவும் இவ்வளவுதான் இருந்தது. அவர் அதற்கு ஆணி அடித்துக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

அவர் இரண்டு ஈர்க்கையும் எடுத்து யன்னலால் வெளியே போட்டார்.

“ஜிப்ரி, இன்னொரு தாள் எடுங்க.”

“அண்ணன், அவங்க ஒரு பக்கம்தான் வாசிப்பாங்க. நீட்டினாத் தூக்கி வைச்சிருவாங்க.”

“வாசிக்கிறவன் வாசிக்கட்டும். எடுங்க.”

ஜிப்ரி தாளை எடுத்தான். றெக்ஸ் கதிரையிலிருந்து இறங்கி, அன்னப்பூரணியையும் உட்காரச் சொல்லி, அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார்.

“இடமிருக்கு அம்மா,” என்றார். “மாட்டுக் கதைய விடுங்க. அவன்ட கதையச் சொல்லுங்க. முதலில இருந்து சொல்லுங்க.”

அவள் முந்தானை ஓரத்தை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

“அவன் பிறக்கக்குள்ள சரியான மழை ஐயா,” என்று தொடங்கினாள். றெக்ஸ் அதை ஜிப்ரியிடம் சொன்னார்.